ஜனநாயகத் தலைவர் வருகிறார், அரசில் யார் சந்திப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014 ஏப்ரல் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து எழுபது வயதைத் தாண்டிய இருவர் வாஷிங்டன் போனார்கள். ஒருவர் மார்ட்டின் லீ, வழக்கறிஞர், ஹாங்காங் ஜனநாயகக் கட்சியின் முதல் தலைவர். இன்னொருவர் ஆன்சன் சான், பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ஆண்டுகளிலும், ஹாங்காங் சீனாவிடம் போன பிறகு 2001 வரையிலும் தலைமைச் செயலராக இருந்தவர். ஹாங்காங்கின் தலைமை நிர்வாகியை 2017இல் மக்களே உண்மையான போட்டியில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்டுபோன கோரிக்கை. வெள்ளை மாளிகையில் தேசியப் பாதுகாப்புக் குழுவின் அதிகாரிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது துணை அதிபர் ஜோ பைடன் வந்து சேர்ந்துகொண்டார்.

ஜூலையில் அதே இருவர் அதே கோரிக்கையோடு லண்டன் போனார்கள். துணைப் பிரதமர் நிக் கிளெக் சந்தித்தார். பிரதமர் டேவிட் கேமரூன் சந்திக்கவில்லை.

இப்படி ஒருவர் வரும்போது யார் சந்திப்பது என்று ஒரு அரசு எப்படி முடிவு செய்கிறது, எப்படி முடிவு செய்ய வேண்டும்? இது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

யார் சந்தித்தால் என்ன? பேசுவதைக் கேட்டுக்கொண்டால் போதாதா?

கேட்பது மட்டும்தான் வேலை என்றால் ஹாங்காங் விவகாரங்களைக் கவனிக்கும் ஒரு இடைநிலை அதிகாரியே போதும். சொல்லப்போனால் அவர்தான் எல்லோரையும்விட நன்றாகக் கேட்பார். கோப்பு அவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் வருபவர் தகவல் கொடுப்பதற்காக மட்டும் வருவதில்லை. தன் நாட்டில் தன்னைத் தனிமைப்படுத்த நினைக்கும் அரசுக்கு, தான் தனி ஆள் இல்லை என்று காட்ட வருகிறார். யார் கை குலுக்கினார் என்பதை வைத்துத்தான் அந்த அரசு கணக்குப் போடும். அவருடைய ஆதரவாளர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது வெளியே வர நாளாகும். யார் வந்தார் என்பது அன்று மாலைச் செய்தியிலேயே வந்துவிடும்.

உண்மையில் இதை யார் முடிவு செய்கிறார்கள்?

பெரும்பாலும் கீழிருந்து மேலே போகிற ஒரு குறிப்பு. வருபவரோ அவரை அழைத்த அமைப்போ சந்திப்பு கேட்டு எழுதுகிறார்கள். அந்த நாட்டில் இருக்கும் நம் தூதரகம் கருத்துச் சொல்கிறது. வெளியுறவு அமைச்சகத்தில் அந்தப் பகுதியைப் பார்க்கும் பிரிவு, இன்ன மட்டத்தில் சந்திக்கலாம் என்று எழுதி அனுப்புகிறது. மனித உரிமையைப் பார்க்கும் பிரிவு இருந்தால் அது இன்னும் ஒரு படி மேலே கேட்கும். வர்த்தக அமைச்சகம் ஒரு படி கீழே இழுக்கும். கடைசியில் அமைச்சர் அலுவலகமோ, பிரதமர் அல்லது அதிபர் அலுவலகமோ கையெழுத்துப் போடும்.

இந்த இழுபறியில் கேள்வியே மாறிப்போவதுதான் கவலை. 'இந்தச் சந்திப்பால் என்ன ஆக வேண்டும்?' என்று ஆரம்பித்தது, 'எந்த மட்டத்தில் சந்தித்தால் யாருக்கும் கோபம் வராது?' என்று முடிகிறது. பேரத்தில் கிடைக்கும் நடுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற காரணத்தை அப்புறம் எழுதிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் சரியான அளவுகோல் எது?

என்னைக் கேட்டால், முதலில் நோக்கத்தை எழுதி வைக்க வேண்டும். வருபவர் கைதாகும் ஆபத்தில் இருக்கிறார், அவருக்குப் பாதுகாப்புத் தருவது நோக்கம் என்றால், பெயரும் முகமும் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர்தான் சந்திக்க வேண்டும். தடை விதிப்பதா வேண்டாமா என்பது பேச்சு என்றால், அந்தத் தடையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் இருக்க வேண்டும். அகதிகளுக்கு விசா தருவது பற்றி என்றால் உள்துறை அமைச்சர் இல்லாமல் அந்தச் சந்திப்புக்கு அர்த்தமில்லை.

அடுத்து, வருபவருக்கு எந்த அளவு மக்கள் ஆணை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேர்தலில் வென்றவரா, வென்றும் பதவி மறுக்கப்பட்டவரா, தேர்தலே இல்லாத நாட்டிலிருந்து வருபவரா? இதில் ஒரு எச்சரிக்கை. தேர்தலே நடத்தாத நாட்டிலிருந்து வருபவரிடம் 'உங்களுக்கு எத்தனை சதவீத ஓட்டு?' என்று கேட்பது நியாயமில்லை. ஓட்டுப் போட விடாதவர்களுக்கு அது சாதகமாகப் போய்விடும்.

மூன்றாவதாக, முன்பு இதே போன்ற ஒருவர் வந்தபோது யார் சந்தித்தார் என்பது. இதை யாரும் மறப்பதில்லை. ஒரு முறை பிரதமர் சந்தித்துவிட்டு அடுத்த முறை இணையமைச்சரை அனுப்பினால், எதுவும் சொல்லாமலே ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

'தற்செயலாக எட்டிப் பார்ப்பது' என்று ஒரு வழக்கம் இருக்கிறதாமே?

இருக்கிறது. அதிகாரபூர்வ அட்டவணையில் சந்திப்பு ஆலோசகரோடுதான் இருக்கும். நடுவில் அதிபர் கதவைத் திறந்து வருவார், சில நிமிடம் பேசுவார், போய்விடுவார். கேட்டால், 'அதிபர் அவரைச் சந்திக்கவில்லை, ஆலோசகரின் கூட்டத்துக்குள் வந்து போனார்' என்று பதில் சொல்லலாம். 2014இல் பைடன் செய்ததும் இந்த வகைதான்.

இதன் சிறந்த உதாரணம் 1989 செப்டம்பரில் நடந்தது. அதை விரிவாகவே சொல்கிறேன். சோவியத் அரசியல்வாதி போரிஸ் யெல்ட்சின் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்கா வந்திருந்தார். கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையோடு மோதி அரசியல் தலைமைக் குழுவை விட்டு வெளியேற்றப்பட்டவர். அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் மாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 89 சதவீத ஓட்டு வாங்கி மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்குப் போனவர். வெள்ளை மாளிகைக்கு இது தர்மசங்கடம். சோவியத் தலைவர் மிகயில் கோர்பச்சேவோடு ஆயுதக் குறைப்புப் பேச்சு நடக்கிறது. அவருடைய உள்நாட்டு எதிரியை அதிபர் ஜார்ஜ் புஷ் வரவேற்றால் கோர்பச்சேவ் என்ன நினைப்பார்? அதற்காக 89 சதவீதம் வாங்கியவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

அதனால் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ப்ரெண்ட் ஸ்கோக்ராஃப்டோடு சந்திப்பு, நடுவில் புஷ் வந்து போவார் என்று ஏற்பாடு செய்தார்கள். யெல்ட்சினை முன்வாசல் வழியாகக் கொண்டுவராமல், பத்திரிகையாளர் கண்ணில் படாத மேற்குப்புறக் கீழ்த்தள வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வரவேற்கப் போனவர் அப்போது ஸ்கோக்ராஃப்டின் குழுவில் சோவியத் விவகாரங்களைப் பார்த்துவந்த காண்டலீசா ரைஸ். அங்கிருந்தவர்கள் பின்னர் சொன்னபடி, யெல்ட்சின் வாசலிலேயே முரண்டு பிடித்தார். அதிபரைப் பார்ப்பேன் என்று உறுதி சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வரமாட்டேன் என்றார். ரைஸ் பேசிப் பேசித்தான் மாடிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. புஷ் வந்தார், கால் மணி நேரம் அளவுக்குப் பேசினார். துணை அதிபர் டான் குவெய்லும் வந்து பார்த்தார். அப்புறம் யெல்ட்சின் வெளியே வந்து நேராகப் பத்திரிகையாளர்களிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறைத்த வாசலுக்குப் பலன் இல்லாமல் போனது.

இரண்டே ஆண்டுகள். 1991 ஜூன் 12இல் ரஷ்யாவின் முதல் நேரடி அதிபர் தேர்தலில் யெல்ட்சின் வென்றார். எட்டு நாள் கழித்து வெள்ளை மாளிகையில் அதே புஷ் அவரை முறைப்படி வரவேற்றார். ஆகஸ்டில் மாஸ்கோவில் ராணுவக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது டாங்கி மேல் ஏறி நின்றவர் இவர்தான்.

1989இல் புஷ் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். கோர்பச்சேவோடு நடந்த பேச்சு உலகத்துக்கே முக்கியமானது. அதைக் காப்பாற்றிக்கொண்டே யெல்ட்சினைப் பார்க்கவும் வழி கண்டுபிடித்தார்கள். என் குறை அந்த வாசலைப் பற்றித்தான். அதிபரைப் பார்க்க வைப்பது என்று முடிவு செய்துவிட்ட பிறகு விருந்தாளியைக் கீழ்த்தளம் வழியாகக் கூட்டிப் போனதில் கிடைத்தது மனக்கசப்பு மட்டும்தான். மட்டத்தைக் குறைப்பது ஒரு அரசியல் முடிவு, அதை அவரிடம் நேராகச் சொல்லலாம். மரியாதையைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை.

இடம் அவ்வளவு முக்கியமா?

ஆளுக்கு அடுத்தபடி இடம்தான். தலாய் லாமாவை எங்கே வைத்துச் சந்தித்தார்கள் என்பதை மட்டும் வரிசையாகப் பார்த்தால் போதும். 2007இல் ஜெர்மனியின் அங்கெலா மெர்க்கல் தன் அலுவலகத்திலேயே சந்தித்தார். 2008இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் டவுனிங் தெருவைத் தவிர்த்து, கேன்டர்பரி பேராயரின் இல்லமான லாம்பெத் அரண்மனையில் சந்தித்தார். ஆன்மிகத் தலைவர் என்ற முறையில்தான் பார்க்கிறேன் என்று காட்ட அந்த ஏற்பாடு. 2010 பிப்ரவரியில் பராக் ஒபாமா வெள்ளை மாளிகைக்குள்தான் சந்தித்தார், ஆனால் ஓவல் அலுவலகத்தில் இல்லை, வரைபட அறையில். பத்திரிகையாளர்களை உள்ளே விடவில்லை. சந்திப்பு முடிந்து தலாய் லாமா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தபோது அங்கே குப்பை மூட்டைகள் குவிந்து கிடந்தன. உலகம் முழுக்கப் போன படம் அதுதான். எந்த அறை என்று யோசித்த அளவுக்கு எந்தக் கதவு என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒரு அரசு தயங்கும்போது பொதுவாகத் தேர்ந்தெடுப்பது இப்படிப்பட்ட பாதி அரசு இடங்களைத்தான்: தேவாலயம், பண்பாட்டு மையம், பல்கலைக்கழகம், மாநாட்டுக் கூடத்தின் ஓரத்து அறை. அதில் தவறில்லை. வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அங்கே போய் நின்ற பிறகு தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

நாமே அங்கீகரித்தவரைக்கூடக் கீழ்மட்டத்தில் சந்தித்த கதை உண்டா?

ஸ்பெயின். 2019 பிப்ரவரியில் வெனிசுவேலாவின் எதிர்க்கட்சித் தலைவர் ஹுவான் குவாய்டோவை இடைக்கால அதிபராக ஸ்பெயின் அங்கீகரித்தது. அறிவித்தவர் பிரதமர் பெட்ரோ சாஞ்சேஸ். அடுத்த ஆண்டு ஜனவரியில் குவாய்டோ ஐரோப்பா வந்தார். லண்டனில் போரிஸ் ஜான்சன் சந்தித்தார், பாரிசில் இமானுவேல் மக்ரோன் சந்தித்தார். மாட்ரிட்டில் சாஞ்சேஸ் சந்திக்கவில்லை. வெளியுறவு அமைச்சர் அரஞ்சா கொன்சாலஸ் லயா சந்தித்தார், அதுவும் அமைச்சகத்தில் இல்லாமல் காசா தெ அமெரிக்கா என்ற பண்பாட்டு மையத்தில். நடுவில் மாறியது மாட்ரிட் அரசுதான். அந்த மாதம்தான் இடதுசாரிக் கட்சியான பொதேமோஸோடு கூட்டணி ஆட்சி அமைந்திருந்தது.

இங்கே சாஞ்சேஸுக்கு இரண்டு நேர்மையான வழிகள் இருந்தன. அங்கீகாரம் தவறு என்று தோன்றியிருந்தால் அதைத் திரும்பப் பெறலாம். சரி என்று தோன்றியிருந்தால் சந்தித்திருக்கலாம். அங்கீகாரத்தை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் ஒதுக்கியது இரண்டும் இல்லாத வழி.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. அங்கீகாரம் என்ற சொல்லையே தொடாமல் படிப்படியாக மேலே கொண்டுபோகலாம். 2021 ஜூலையில் பெலாரஸின் எதிர்க்கட்சித் தலைவர் ஸ்வியத்லானா சிகனோவ்ஸ்கயா வாஷிங்டனில் முதலில் வெளியுறவுச் செயலர் ஆன்டனி பிளிங்கனைப் பார்த்தார், பிறகு தேசியப் பாதுகாப்பு ஆலோசகரை, 28ஆம் தேதி அதிபர் பைடனை. ஒவ்வொரு சந்திப்பும் அடுத்ததற்கு வழி விட்டது. அடுத்த ஒரு வாரத்துக்குள் லண்டனில் பிரதமர் சந்தித்தார். ஒரு தலைநகரில் திறந்த கதவு அடுத்த தலைநகரிலும் திறக்க உதவும்.

எதிர்த்தரப்பு அரசு கோபித்துக்கொண்டால் வர்த்தகம் அடிபடாதா?

இந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். அதற்கு ஆதாரம் இருக்கிறது. 2012 மே மாதம் கேமரூனும் கிளெக்கும் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் தலாய் லாமாவைச் சந்தித்தார்கள். அதன் பிறகு ஒரு ஆண்டுக்கு மேல் உயர்மட்டத் தொடர்புகளைச் சீனா உறைய வைத்தது. கேமரூன் சீனா போக 2013 டிசம்பர் ஆனது. 2014 ஜூனில் சீனப் பிரதமர் லி கெச்சியாங் லண்டன் வந்தார், 1,400 கோடி பவுண்டுக்கு மேல் ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. அதற்கு அடுத்த மாதம்தான் மார்ட்டின் லீயும் ஆன்சன் சானும் வந்து கதவைத் தட்டினார்கள்.

இந்தத் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் கேமரூன் ஏன் சந்திக்கவில்லை என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கிளெக் சந்தித்ததும் கவனிக்க வேண்டியது. அவர் துணைப் பிரதமர், அதே சமயம் கூட்டணியில் இருந்த வேறொரு கட்சியின் தலைவர். அரசு சந்தித்தது என்றும் சொல்லலாம், பிரதமரைக் கட்டுப்படுத்தாது என்றும் சொல்லலாம்.

எனக்கு அந்த முடிவு இன்றைக்கும் வலிக்கிறது. காரணம், அமெரிக்காவுக்கு இல்லாத பொறுப்பு பிரிட்டனுக்கு இருந்தது. 1984இல் சீனாவோடு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டு, 1997க்குப் பிறகு 50 ஆண்டுகளுக்கு ஹாங்காங்கின் வாழ்க்கைமுறை மாறாது என்று ஊர் மக்களுக்கு உறுதி சொன்னது லண்டன்தான். 1996இல் ஹாங்காங்கிலேயே நின்று, இனி நீங்கள் தனியாக நடக்க வேண்டியிருக்காது என்ற பொருளில் பேசியவரும் ஒரு பிரிட்டிஷ் பிரதமர்தான், ஜான் மேஜர். தலாய் லாமா விஷயத்தில் பிரிட்டனுக்கு ஒப்பந்தக் கடமை எதுவும் இல்லை. இங்கே இருந்தது. கடமை இருக்கும் இடத்தில் மட்டத்தைக் குறைத்தால் அதைப் பார்க்கும் எதிர்த்தரப்பு, ஒப்பந்தத்தையே இவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைக்கும். அந்த ஆகஸ்ட் 31இல் வேட்பாளர்களை முன்கூட்டியே வடிகட்டும் விதியை பெய்ஜிங் அறிவித்தது, அதை எதிர்த்து செப்டம்பரில் 79 நாள் நீடித்த குடைப் போராட்டம் தொடங்கியது. ஒரு சந்திப்பு அதையெல்லாம் தடுத்திருக்கும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் கையில் இருந்தது, அது போய்விட்டது.

எல்லாக் கோபமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2019 செப்டம்பரில் ஹாங்காங்கின் இளம் போராட்டத் தலைவர் ஜோஷுவா வாங் பெர்லின் போனார். ஒரு செய்தித்தாள் நடத்திய நிகழ்ச்சியில் வெளியுறவு அமைச்சர் ஹைக்கோ மாஸ் அவரைச் சந்தித்தார். மெர்க்கல் சீனப் பயணம் முடித்துத் திரும்பி சில நாள்தான் ஆகியிருந்தது. பெய்ஜிங்கில் ஜெர்மன் தூதரை அழைத்துக் கண்டித்தார்கள். ஆனால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஜெர்மனியின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளியாகச் சீனாவே நீடித்தது.

சந்திக்கவே மறுத்துவிட்டால்?

மறுப்பதும் ஒரு செய்திதான், பல சமயம் சந்திப்பதைவிடச் சத்தமான செய்தி. 1975 கோடையில் நாடு கடத்தப்பட்டிருந்த சோவியத் எழுத்தாளர் சோல்செனிட்சின் வாஷிங்டனில் இருந்தார். அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அவரைச் சந்திக்கவில்லை. வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸிங்கரின் ஆலோசனை அதுதான், சோவியத் தரப்பும் மேற்கு நாடுகளும் ஒன்றாகக் கூடும் ஹெல்சிங்கி மாநாடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சந்தித்திருந்தால் சோவியத் தரப்பிலிருந்து ஒரு கண்டனம் வந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். மறுத்ததால் அது ஃபோர்டின் சொந்தக் கட்சிக்குள்ளேயே சண்டையானது. 1976இல் அதிபர் வேட்பாளராக ஃபோர்டை எதிர்த்துக் கட்சிக்குள் போட்டியிட்ட ரொனால்டு ரீகன் தரப்பு அதைக் கையில் எடுத்தது. குடியரசுக் கட்சி மாநாட்டின் கொள்கை அறிக்கையில் சோல்செனிட்சினைப் பாராட்டும் பகுதியே சேர்க்கப்பட்டது.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் சந்தித்தால் போதாதா?

நல்லதுதான், ஆனால் அது வேறு. சட்டமன்றங்களுக்குக் கைகள் கட்டப்பட்டிருப்பதில்லை, அதனால் தாராளமாக வரவேற்கலாம். 2014 லண்டன் பயணத்தில் லீயும் சானும் நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவின் முன்னால் சாட்சியம் சொன்னார்கள். அந்தக் குழு ஹாங்காங் வர முயன்றபோது அவர்களை உள்ளே விடமாட்டோம் என்றது சீனா. குழுவின் வேலை உறைத்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். இருந்தாலும் விசா கொடுப்பது, தடை போடுவது, தூதரை அழைத்துப் பேசுவது எல்லாம் அரசின் கையில் இருக்கிறது. உறுப்பினர்களைக் காட்டி அமைச்சர் தப்பித்துக்கொள்ளக்கூடாது.

இந்தியா இதை எப்படிக் கையாள்கிறது?

டெல்லிக்கு அக்கம்பக்கத்து நாடுகளோடு எல்லை இருக்கிறது, கிளர்ச்சிக் குழுக்கள் இருக்கின்றன, சீனாவோடு போட்டி இருக்கிறது. அதனால் அதன் கை எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும்.

மியான்மரின் ஆங் சான் சூச்சி கதை நமக்கு நெருக்கமானது. அவருடைய தாயார் இந்தியாவுக்கான தூதராக இருந்தவர், சூச்சி டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் படித்தவர். 1993ஆம் ஆண்டுக்கான நேரு விருதை இந்தியா அவருக்கு அறிவித்தது. அதே காலத்தில் டெல்லி ராணுவ ஆட்சியோடு உறவை வளர்க்கத் தொடங்கியது, சூச்சி பல ஆண்டுகள் வீட்டுக்காவலில் இருந்தார். 2012 நவம்பரில், நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்ட சூச்சி டெல்லி வந்தார். பிரதமர் மன்மோகன் சிங் சந்தித்தார், நேரு நினைவுச் சொற்பொழிவை சூச்சி ஆற்றினார். வரவேற்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கடினமான நாட்களில் இந்தியா விலகிப் போனது தனக்கு வருத்தம் தந்தது என்பதை அவர் அந்தப் பயணத்திலேயே மறைக்காமல் சொன்னார். எல்லாம் சுமுகமான பிறகு பிரதமரே சந்திப்பதைவிட, சுமுகமில்லாதபோது ஒரு இணையமைச்சர் சந்திப்பது கூடுதல் எடையுள்ளது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இலங்கை விஷயத்தில் டெல்லி அண்மையில் கணக்காக நடந்துகொண்டது. 2024 பிப்ரவரியில், அன்று நாடாளுமன்றத்தில் மூன்றே இடம் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அனுர குமார திசாநாயக்கவை இந்தியா அழைத்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவலும் சந்தித்தார்கள். பதவியில் இருந்த ரணில் விக்கிரமசிங்கவைப் புண்படுத்தாத மட்டம், விருந்தாளியைச் சிறுமைப்படுத்தாத மட்டமும்கூட. செப்டம்பரில் அவர் அதிபரானார். டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லிக்கே வந்தார். திசாநாயக்க ராணுவ ஆட்சியை எதிர்த்து வந்தவர் இல்லை, தேர்தல் அரசியல்வாதி. ஆனாலும் 'யார் சந்திப்பது' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை அண்மைக் காலத்தில் டெல்லியிலிருந்து வந்ததாக எனக்கு நினைவில்லை.

நாம் வரவேற்றவர் பின்னாளில் மாறிவிட்டால்?

மாறியிருக்கிறார்கள். டாங்கி மேல் ஏறிய யெல்ட்சின் 1993 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது டாங்கியால் சுட வைத்தார். அடுத்த ஆண்டு செச்னியாவில் போர் தொடங்கினார். உலகம் கொண்டாடிய சூச்சி, 2019 டிசம்பரில் திஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் ரோஹிங்யா வழக்கில் தன் நாட்டு ராணுவத்தின் செயல்களுக்கு ஆதரவாக வாதாடினார். ரோஹிங்யா மக்கள் பட்ட பாட்டை நினைத்தால் அதை மன்னிப்பது கடினம்.

அதற்காக அன்று சந்தித்தது தவறாகிவிடாது. வீட்டுக்காவலில் இருந்தவரின் உரிமை நியாயமான உரிமைதான். சந்திக்கும் மேடையில் என்ன சொல்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். சுதந்திரத் தேர்தல், கைதிகளின் விடுதலை, சிறுபான்மையினரின் பாதுகாப்பு என்று கோரிக்கைகளைச் சொல்லுங்கள். ஆளைப் புகழ்ந்து தள்ளினால், நாளைக்கு அவரையே கேள்வி கேட்க நா எழாது.

சந்திப்பே வருபவருக்கு ஆபத்தாக முடியாதா?

முடியும். இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாக் கேள்விகளையும்விட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மட்டம், இடம், படம் எல்லாம் வரவேற்பவரின் கவலைகள். திரும்பிப் போய் வாழ வேண்டியவர் விருந்தாளி.

2019 ஜூலையில் ஹாங்காங் பத்திரிகை அதிபர் ஜிம்மி லாய் வாஷிங்டனில் துணை அதிபர் மைக் பென்ஸையும் வெளியுறவுச் செயலர் மைக் பாம்பியோவையும் சந்தித்தார். அன்று அது சட்டப்படி குற்றமில்லை. 2020 ஜூன் 30இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சக்திகளோடு கூட்டுச் சேர்வதற்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்கிறது அது. அந்தச் சட்டத்தின் கீழ் தன் மேல் போடப்பட்ட வழக்கில் லாய் சாட்சிக் கூண்டில் நின்றபோது, பென்ஸிடமும் பாம்பியோவிடமும் என்ன பேசினீர்கள், என்ன கேட்டீர்கள் என்ற கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெர்லினில் மாஸைச் சந்தித்த ஜோஷுவா வாங்குக்கு, ஜனநாயகத் தரப்பு நடத்திய முதற்கட்டத் தேர்தல் தொடர்பான வழக்கில் 2024 நவம்பரில் நான்கு ஆண்டு எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. மார்ட்டின் லீ 2020 ஏப்ரலில், தன் 81ஆவது வயதில், அனுமதியில்லாத பேரணியில் கலந்துகொண்டதற்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு 11 மாதச் சிறைத் தண்டனை, நிறுத்திவைப்போடு.

அதனால் முதலில் விருந்தாளியிடம் கேளுங்கள். படம் வெளியிடலாமா? பெயர் சொல்லலாமா? எதைப் பேசியதாக எழுதலாம்? சிலர் படம் வேண்டும் என்பார்கள், அந்தப் படமே அவர்களுக்குக் கவசம். சிலர் யாருக்கும் தெரியாமல் வந்து போக விரும்புவார்கள். இரண்டுமே நியாயமான பதில்தான், பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் கேட்காத உயர்மட்டத்தை அவர் மேல் திணிப்பது, உள்நாட்டில் நமக்குக் கைதட்டல் வாங்க அவரைப் பயன்படுத்துவதாகிவிடும்.

சந்திப்பு முடிந்த பிறகு என்ன வேலை?

நிறைய. யார் சந்தித்தாரோ அவர் பெயரிலேயே ஒரு சுருக்கமான அறிக்கை அன்றே வர வேண்டும். தாமதித்தால் எதிர்த்தரப்பின் அறிக்கைதான் முதலில் வரும். ஒப்புக்கொண்டவற்றை யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று ஒரு அதிகாரியின் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். அவர் ஊர் திரும்பிய நாளில் விமான நிலையத்தைத் தாண்டிவிட்டாரா என்று நம் தூதரகம் விசாரிக்க வேண்டும்.

அவர் கைதானால், அவரைச் சந்தித்த அந்த அமைச்சரே வாய் திறக்க வேண்டும், செய்தித் தொடர்பாளர் மட்டும் பேசினால் போதாது. வழக்கு நடந்தால் நீதிமன்றத்தில் நம் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜிம்மி லாய் வழக்கு நடந்த மேற்குக் கவுலூன் நீதிமன்றத்துக்குப் பல நாடுகளின் தூதரக அதிகாரிகள் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவருக்கு, பார்வையாளர் வரிசையில் யார் வந்திருக்கிறார்கள் என்பது தெரியும்.